டியூபின் அந்தப் பக்கம்

என் மனைவி வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷமும் நான்கு மாதமும் ஆகிறது. சண்டை போட்டுக்கொண்டு போனாள் என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். சண்டையாவது போட்டிருந்தால் தேவலை. அவள் நாலு வார்த்தை கேட்டிருப்பாள், நான் எட்டு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேன், சாயங்காலத்துக்குள் எல்லாம் ஆறிப்போயிருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மறுநாள் காலை பஸ்ஸில் போய்விட்டாள்.

பாட்டில் என்றதும் கண்டதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது மழைத்தண்ணீர் பாட்டில்.

எங்கள் நிலம் தெற்குப் பக்கம் சரிந்து கிடக்கும் மூன்று ஏக்கர். மழை பெய்தால் தண்ணீர் நிற்காது. மேலேயிருந்து கிளம்பி, வழியில் இருக்கிற நல்ல மண்ணையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு, தென்மேற்கு மூலை வழியாக ஓடைக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது கூழாங்கல்லும் என் கோபமும். கல்யாணமான இரண்டாவது வருஷம் அவள் விவசாய ஆபீஸில் மூன்று நாள் பயிற்சிக்குப் போனாள். "மண்ணுக்குப் பாடம் எடுக்கப் போறியா?" என்று கேலி செய்தேன். "மண்ணு ஒழுங்காத்தான் இருக்கு. பாடம் உங்களுக்குத்தான் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரும்போது கையில் பதினைந்து மீட்டர் பிளாஸ்டிக் டியூப்.

கொத்தனார்கள் சுவருக்கு மட்டம் பார்க்க வைத்திருப்பார்களே, அதே டியூப் லெவல்தான். உள்ளே தண்ணீர் நிரப்பி, ஒரே உயரமுள்ள இரண்டு கம்புகளில் இரண்டு முனைகளையும் கட்ட வேண்டும். கம்பில் ஒரு கோடு போட்டிருக்கும். இரண்டு பக்கமும் தண்ணீர் அந்தக் கோட்டில் நின்றால், இரண்டு கம்பும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன என்று அர்த்தம். அங்கே ஒரு முளைக்குச்சி அடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நகரலாம். இப்படியே குச்சி அடித்துக்கொண்டு போனால் சரிவுக்குக் குறுக்கே ஒரு கோடு கிடைக்கும். கண்ணுக்குக் கோணல்மாணலாகத் தெரியும், ஆனால் தண்ணீருக்கு அதுதான் நேர். அந்தக் கோட்டில் வரப்பு போட்டால் ஓடி வருகிற மழைத்தண்ணீர் எந்தப் பக்கமும் சாயாமல் நின்று நிதானமாக மண்ணுக்குள் இறங்கும். வரப்பு கரையாமல் இருக்க மேலே வெட்டிவேர்ப் புல் வரிசை. அறுவடை முடிந்ததும் மக்காச்சோளத் தட்டையை எரிக்காமல் நிலத்திலேயே பரப்பிவிட வேண்டும். இவ்வளவும் அவள் சொன்னது.

அந்த டியூபில் ஒரே ஒரு சங்கடம். நகரும்போது இரண்டு முனைகளையும் கட்டைவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் சிந்திவிடும். ஆக, அது இரண்டு பேர் வேலை.

மேல் வரப்பு, கீழ் வரப்பு என்று இரண்டு வரப்புகள் போட்டோம். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மறுபடியும் மட்டம் பார்த்து, தாழ்ந்துபோன இடத்தில் மண் ஏற்றுவோம். கிழக்கே கிணற்றுப் பக்கம் நான் நிற்பேன். மேற்குப் பக்கம் அவள். "மேல ஏறு" என்பேன், ஏறுவாள். "இறங்கு, இன்னும் ஒரு அடி" என்பேன், இறங்குவாள். என் கம்பில் தண்ணீர் கோட்டுக்கு வந்ததும் "நிக்குதா?" என்று கத்துவேன். "நிக்குது" என்பாள். பதினோரு வருஷம் இதே பேச்சு. காலை வெயிலில் அவள் குரல் அந்த நிலத்தின் மேலாக வந்து சேரும். இப்போது யாராவது எனக்கு வேறு எதையும் தர வேண்டாம், அந்த ஒரு "நிக்குது" போதும்.

பெருமழை வரும்போதெல்லாம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தென்மேற்கு மூலைக்கு ஓடுவாள். நிலத்தை விட்டு வெளியேறுகிற தண்ணீரை ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலில் பிடித்துவந்து சமையலறை ஜன்னலில் வைப்பாள். தெளிந்ததும் அடியில் எவ்வளவு மண் என்று விரலை வைத்து அளப்பாள். முதல் வருஷம் மூன்று விரல். வரப்பு போட்டபின் இரண்டு. வெட்டிவேர் வேர்பிடித்தபின் ஒன்று. பதினோராவது வருஷம் அரை விரல்கூட இல்லை. அந்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி வீடு முழுக்கச் சுற்றினாள்.

அடுத்த வருஷம் நான் அதைக் கெடுத்தேன்.

அவள் தம்பி, என் மச்சினன், நகரத்தில் நர்சரி தொடங்கினான். செடி நர்சரிதான். ஒத்தாசைக்காக ஒரு வாரம் போயிருந்தாள். அந்த நேரம் பார்த்து டிராக்டர்க்காரன் வந்தான். அவனுக்கு அவசரம் என்றே பெயர். சாப்பிடும்போதும் ஒரு காலை வண்டியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுவான்.

"அண்ணே, இந்த வரப்பு ரெண்டும் வண்டிக்குப் பெரிய ரோதனை. குறுக்க ஓட்டினா நூறு தடவை திரும்பணும். மேலேருந்து கீழ நேரா விட்டா மதியத்துக்குள்ள முடிச்சிடுவேன். புல்லு அடைச்சிட்டிருக்கிற இடத்துல உங்களுக்கு நாலு வரிசை கூட விழும்."

நாலு வரிசை. நான் யோசிக்கவே இல்லை. யோசித்ததாகச் சொன்னால் அது பொய். சரி என்று தலையாட்டினேன். மதியத்துக்குள் பதினோரு வருஷ வேலை மட்டமாகிப்போனது. வெட்டிவேர்த் தூர்களைப் பிடுங்கிக் கிணற்றுமேட்டில் வீசினோம்.

திரும்பி வந்தவள் நிலத்து ஓரத்தில் நின்று பார்த்தாள். நான் ஏதேதோ காரணம் சொன்னேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு மாதம் கழித்து மழை வந்தது. கலப்பை போட்ட கோடு ஒவ்வொன்றும் ஒரு வாய்க்காலாக மாறி, மேலேயிருந்து கீழே மண் போகிற சத்தம் வீட்டுக்கே கேட்டது. அவள் வழக்கம்போல சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடினாள். மறுநாள் மதியம் அந்த பாட்டில் என் தட்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நாலு விரல் மண்.

"நீங்க கூட வெச்ச நாலு வரிசையும் இதுக்குள்ளதான் இருக்கு. பாத்துக்குங்க" என்றாள்.

பிறகு, "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலை தம்பியிடம் போய்விட்டாள்.

முதல் வருஷம் முழுவதும் வீம்பிலேயே போயிற்று. போனவளுக்கே வரத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் துணி உலர்த்தும் கொடியில் கிளிப்புகள் வரிசையாகத் தொங்கின. அதைத் தொட மனசு வராமல் என் சட்டைகளை நாற்காலி முதுகில் காயப்போட்டேன். மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நின்றது. நிலத்தின் நடுவே ஒரு ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்கு அரிப்பு விழுந்திருந்தது. இரண்டாவது வருஷம் வீம்பும் தேய்ந்துபோய், ஒருநாள் போன் செய்தேன்.

"எப்ப வர்ற?" என்று கேட்டேன். எனக்கு இதற்குமேல் நயமாகப் பேச வராது.

"மண்ணு நிக்குதா?"

"இல்ல."

"முதல்ல அது நிக்கட்டும். அப்புறம் நான் வர்றதைப் பத்திப் பேசலாம்" என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குறி. மண் நிற்க வேண்டும், அவள் வர வேண்டும். இரண்டையும் தனித்தனியாக நினைக்கவே முடியவில்லை.

பரணில் கிடந்த டியூபை எடுத்துத் தூசி தட்டினேன். மறுபக்கம் பிடிக்க ஆள் வேண்டுமே. செய்த பாவத்துக்கு அவசரமே வந்து நிற்கட்டும் என்று அவனைக் கூப்பிட்டேன். நாலு குச்சி வரைக்கும் நின்றான். ஐந்தாவது குச்சிக்கு நகரும்போது அவன் போன் அடித்தது. கட்டைவிரலை எடுத்துவிட்டுச் சட்டைப்பைக்குள் கையை விட்டான். டியூபில் இருந்த தண்ணீர் முழுவதும் அவன் செருப்பில் கொட்டியது.

"அண்ணே, இதெல்லாம் பொறுமைசாலிங்க வேலை. நம்ம ரெண்டு பேருக்கும் செட்டாவாது" என்று கிளம்பிவிட்டான். என்னையும் சேர்த்துக்கொண்டதுதான் எரிச்சலாக இருந்தது. பொய்யில்லை என்பதால் கூடுதல் எரிச்சல்.

தனியாகவே செய்தேன். ஒரு கம்பைக் கடைசிக் குச்சியிடம் ஊன்றிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு மேற்கே நகர்ந்து, என் கையிலிருந்த கம்பில் தண்ணீர் கோட்டுக்கு வந்ததும் குச்சி அடித்தேன். இரண்டு நாளில் மேல் வரப்பின் கோடு முடிந்தது. ஒரு வாரம் மண்வெட்டி பிடித்து வரப்பை ஏற்றினேன். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. மழை வந்து அரை மணி நேரத்தில் அந்த மரியாதையைக் கொண்டுபோய்விட்டது. வரப்பை ஒட்டித் தண்ணீர் மேற்கே ஓடி, ஓரத்தில் குளமாகத் திரண்டு, உடைத்துக்கொண்டு பாய்ந்தது. பழைய அரிப்பு போதாதென்று புதிதாக ஒன்று.

எலி வளை இருந்திருக்கும் என்று அவளிடம் போனில் சொன்னேன்.

"டியூப்ல ரெண்டு பக்கமும் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பதினோரு வருஷமும் என் பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் பார்க்க அவள் இருந்தாள். தனியாக நகர்ந்தபோது, ஊன்றிவிட்டு வந்த முனையிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரு மடக்கு தண்ணீர் சிந்தியிருக்கிறது. தண்ணீர் குறையக் குறைய, கோட்டுக்குக் கொண்டுவர நான் கீழே கீழே இறங்கியிருக்கிறேன். மேற்கு ஓரத்துக்குப் போய்ச் சேரும்போது கோடு முழங்கால் அளவு தாழ்ந்துவிட்டது. உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். டியூப் வாங்குகிறவன் இரண்டு முனையையும் பார்ப்பான். நான் கல்யாணம் செய்துகொண்டவன்.

"கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"மேல் வரப்புலேருந்துதான் ஆரம்பிக்கணும். கீழதை இப்பத் தொடாதீங்க."

"சரி."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள். போனை வைத்தபின் சமையலறையில் போய் அந்த ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். அவள் வைத்துவிட்டுப் போன பாட்டில்கள் அப்படியே வரிசையாக இருந்தன. அழுதேன் என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் கொடியிலிருந்து அவள் கிளிப்புகள் நாலைக் கழற்றினேன். டியூப் முனையை மடித்துக் கிளிப் போட்டால் தண்ணீர் சிந்தாது என்று கண்டுபிடித்தேன். கம்பை ஊன்றுவேன், அந்தப் பக்கம் நடப்பேன், கிளிப்பை எடுப்பேன், பார்ப்பேன். திரும்பி இந்தப் பக்கம் வருவேன், இந்தக் கிளிப்பை எடுப்பேன், பார்ப்பேன். ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். மறுபடி அந்தப் பக்கம் போய்க் கம்பைச் சரிசெய்வேன். ஒரு குச்சிக்கு நாலு நடை, சில சமயம் ஆறு. இரண்டு பேர் ஒரு காலையில் முடிக்கிற வேலை, எனக்கு ஆறு காலை ஆயிற்று. நாலாவது நாள் என்னையறியாமல் "நிக்குதா?" என்று கத்திவிட்டேன். பக்கத்து நிலத்தில் மேய்ந்த மாடு ஒன்று நிமிர்ந்து பார்த்தது. மெல்ல நடந்து போய், நானே பார்த்து, நானே "நிக்குது" என்று சொல்லிக்கொண்டேன்.

வெட்டிவேருக்கு எங்கே போவது என்று கவலையாக இருந்தது. கிணற்றுமேட்டில் போய்ப் பார்த்தால், நாங்கள் வீசியெறிந்த தூர்களில் பாதி அங்கேயே வேர்விட்டு, இடுப்பு உயரத்துக்கு நின்றன. மன்னிப்பது எப்படி என்று தெரிந்த புல். தூரைப் பிரித்துப் பிரித்து வரப்பு நெடுக நெருக்கமாக நட்டேன். தட்டையைப் பரப்பினேன். அவசரத்திடம், "குறுக்கதான் ஓட்டணும். இல்லன்னா வண்டியைத் திருப்பிக்கோ" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே நூறு தடவை திரும்பினான்.

இந்த வருஷத்துப் பெருமழை பத்து நாளைக்கு முன்னால் வந்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மூலைக்கு ஓடினேன். மேல் வரப்பில் தண்ணீர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரே மட்டத்தில், அசையாமல், பாய் விரித்த மாதிரி நின்றது. திரும்பிப் பார்த்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரும் இல்லை. பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் பார்த்தால் அடியில் ஒரு விரல். கீழ் வரப்பு இல்லாமலேயே ஒரு விரல்.

போனில் சொல்கிற விஷயமா இது? பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மேலே கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், அடியில் ஒரு விரல் மண், அவள் பார்த்தவுடனே புரிந்துகொள்வாள் என்று கணக்குப் போட்டிருந்தேன். அந்த பஸ் போன ரோட்டைப் பற்றி மட்டும் கணக்குப் போடவில்லை. நாலு பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் பாட்டில் முழுவதும் கலங்கிப்போயிற்று.

"என்னய்யா, கஷாயமா?" என்று கண்டக்டர் கேட்டார்.

"ஆமா. எனக்குத்தான்" என்றேன்.

நர்சரி பெரிதாகியிருந்தது. பச்சை நிழல்வலைக்கு அடியில் ஆயிரக்கணக்கான கன்றுகள். பின்னால் தகரக் கொட்டகையில் லாரியில் வந்து கொட்டிய செம்மண் குவியல். அதன் முன்னே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தாள். பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் கேன்தான் அவளுக்கு அகப்பை. ஒரு அள்ளல், ஒரு தட்டு, ஒரு அழுத்து. கைகள் முழங்கை வரை செம்மண். காதோரம் நரைத்திருந்தது. அது எப்போது நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மச்சினன்தான் முதலில் பார்த்தான். "வாங்க மாமா" என்றான், பிறகு புத்திசாலித்தனமாகத் தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டான்.

நான் பாட்டிலை நீட்டினேன். அவள் அதன் நிறத்தைப் பார்த்தாள். முகம் மாறியது.

"பஸ்ஸுல கலங்கிடுச்சு. கிளம்பும்போது தெளிஞ்சுதான் இருந்துச்சு. சத்தியமா" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை வாங்கி ஜன்னல் கட்டையில் வைத்தாள். "ஆடாம இருக்கட்டும். முழுசாத் தெளிய நாளைக்கு ஆகும். அடியில விழறது ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சிடும்" என்றாள். காலால் இன்னொரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள்.

உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் நானும் பை நிரப்பினேன். "இவ்வளவு லூசா நிரப்பினா செடி சாயும்" என்று என் பையை வாங்கித் தட்டிக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று. நான் அவளைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்தேன், அவள் பாட்டிலைப் பார்க்காமல் பைகளைப் பார்த்தாள். ஒரு கோப்பை டீயை மச்சினன் தூரத்திலேயே வைத்துவிட்டு ஓடினான்.

பிறகு எழுந்து போய் விரலை வைத்து அளந்தாள். ஒரு தடவை அளந்துவிட்டு, குனிந்து, இன்னொரு தடவை அளந்தாள்.

"ஒரு விரல்தான்."

"ஆமா."

"மறுபக்கம் யாரு புடிச்சாங்க?"

"யாரும் புடிக்கல. உன் துணிக் கிளிப்பைப் போட்டுட்டு, நானே ரெண்டு பக்கமும் நடந்தேன்."

"எத்தனை குச்சி?"

"நாப்பத்தி மூணு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. மண் குவியலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப என் பக்கமும் நின்னு பாத்தீங்க" என்றாள்.

"பாத்தேன். காலைல அங்கேருந்து பாத்தா வெயில் நேரா கண்ணுல குத்துது. கோடே தெரியல. கண்ணுல தண்ணியா ஊத்துது."

"பதினோரு வருஷமும் குத்துச்சு" என்றாள்.

கிழக்கே கிணற்றடி மர நிழலில் நின்றுகொண்டு ஏறு, இறங்கு என்று கத்தியவன் நான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த "நிக்குது" என்ற குரலுக்காக ஏங்கத் தெரிந்த எனக்கு, அதைச் சொன்னவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றது தெரியவில்லை. "நீ சொல்லியிருக்கலாமே" என்று வாய்வரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டேன்.

"உன்னைக் கேட்டிருக்கணும். வரப்பை எடுக்கறதுக்கு முன்னாடியும் கேட்டிருக்கணும், இதையும் கேட்டிருக்கணும்" என்றேன்.

அவள் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பையை எடுத்தாள். பாதி நிரப்பியபின் நிறுத்தினாள்.

"கீழ் வரப்பு இன்னும் போடலயா?"

"நீதான தொடாதீங்கன்னு சொன்ன."

"இங்க ரெண்டாயிரம் பை பாக்கி இருக்கு. தம்பியைப் பாதியில விட்டுட்டு வர முடியாது. முடிச்சிட்டு வர்றேன்." பையை அழுத்தி வரிசையில் வைத்தாள். "ஆனா இந்தத் தடவை நான் கிழக்குப் பக்கம்."

சரி என்று தலையை ஆட்டினேன். பாட்டிலை அங்கேயே ஜன்னலில் விட்டுவிட்டு வந்தேன். முழுவதும் தெளிவதை அவள் பார்க்கட்டும்.

ரெண்டாயிரம் பை நிரப்ப எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாது. கொடியில் கிளிப்புகளைத் திரும்ப மாட்டிவிட்டேன். டியூபைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் மேற்கு ஓரத்துக்குப் போய், வெயிலைப் பார்த்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.